கீழே வேறு ஃபேன் இல்லை

"அண்ணை, காத்தை வெளிய தள்ளுற ஃபேன் கீழ வேற ஏதும் இருக்கோ?"

வீட்டைச் சூடாக்கும் புது பாய்லர் போடுவதற்கு வீட்டைப் பார்க்க வந்த மயூரன் கேட்ட முதல் கேள்வி இது.

"இல்ல தம்பி. மேல கிச்சன்ல ஒண்ணு, பாத்ரூம்ல ரெண்டு, துணி ட்ரையர் ஒண்ணு. கீழ வேற ஃபேன் இல்ல" என்றார் கமால்.

பேஸ்மென்ட்டில் அவர் முதுகை ஒட்டி ஒரு புத்தக அலமாரி நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் மாலை வரை அது மாடி ஹாலில் இருந்தது. அதைப் படிப்படியாகக் கீழே இறக்கி, ஒரு கதவை மறைத்து நிறுத்துவதற்குள் கமாலுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. இப்போதும் வலித்தது. வலியோடு சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது மெஹர் நிஷாவின் இரண்டாவது சமையலறை.

நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் வீடு வாங்கிய புதிதில், வார இறுதிகளில் நண்பர்களைக் கூட்டி வைத்துக் கட்டிய சமையலறை அது. டவுன்ஷிப் அலுவலகத்தில் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. மேல்மாடி கிச்சன் விருந்தாளிகளுக்கு. பளபளவென்று இருக்கும், அங்கே டீ மட்டும் கொதிக்கும். மீன் பொரிப்பதும் கறி வதக்குவதும் கீழேதான். போன நவம்பரில் எடிசன் பக்கம் ஒரு ரெஸ்டாரன்ட்டை மூடியபோது, அங்கே கழற்றிப் போட்டிருந்த ராட்சச எக்ஸாஸ்ட் ஃபேனை மெஹர் நிஷா வாங்கிவந்து, இருந்த சின்ன ஃபேனை எடுத்துவிட்டு அதை மாட்டவைத்தாள். ஸ்விட்சைப் போட்டால் விமானம் கிளம்புவதுபோல் சத்தம் வரும். ஒரு கூடை மத்தி மீன் பொரித்தாலும் மாடிக்கு வாசனை ஏறாது.

அதற்குக் காரணம் இருந்தது. மகள் ஷஹீமா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். டெக்சாஸில், காப்பெல்லில் வேலையிலிருக்கும் மருமகன் அஃப்னான் பிரசவ நேரத்துக்கு வருவதாக ஏற்பாடு. வந்த முதல் மாதம் மசாலா வாசனை பட்டாலே அவளுக்குக் குமட்டியது. இப்போது எட்டாம் மாதம்.

"கருவாடு மணக்குதே அண்ணை?" மயூரன் மூக்கை உயர்த்தினான்.

"மேல சமைச்சிருப்பா."

மயூரனுக்கு நாற்பது வயதிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரன். சொந்தமாக ஹீட்டிங் கம்பெனி, இரண்டு வேன்கள், வேனின் இரு பக்கமும் தன் புகைப்படம். தன் வேலையைப் பற்றி அவனுக்கு அடக்கம் என்பதே கிடையாது. "நியூ ஜெர்சியில நான் போட்ட பாய்லர் ஒண்டாவது நிண்டதெண்டு ஒருத்தர் சொல்லட்டும் பாப்பம்" என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே நுழைந்திருந்தான்.

"ரெண்டு வகை இருக்கு அண்ணை. ஒண்டு, இந்த ரூம் காத்தையே எடுத்து எரியும். புகை சிம்னியால மேல போகும். உங்கட பழசு அதுதான். மற்றது சீல் பண்ணினது. வெளிய இருந்து தன்ர பைப்பால காத்து இழுத்து, தன்ர பைப்பாலயே புகையை வெளிய விடும். வீட்டுக் காத்தைத் தொடவே தொடாது. என்னைக் கேட்டா அதைத்தான் போடோணும்."

"அந்த பைப் எந்தப் பக்கம் போகும்?"

மயூரன் புத்தக அலமாரியைக் காட்டினான். "உந்தச் சுவரால. வெளிப்பக்கம் அதுதானே?"

கமால் யோசிப்பதுபோல் தாடியைத் தடவினார். அந்தச் சுவரைத் துளைத்தால் மெஹர் நிஷாவின் மசாலா டப்பாக்களுக்கு நடுவே டிரில் வெளிவரும். டவுன்ஷிப் இன்ஸ்பெக்டர் பார்த்தால் அடுப்பைக் கழற்றச் சொல்வார்கள். கேஸ் லைனை வெட்டுவார்கள். ரமலான் நெருங்கிவிட்டது. இந்த வருடம் பள்ளிவாசலில் முதல் நோன்புக் கஞ்சி மெஹர் நிஷாவின் பொறுப்பு. அது அவளுக்குக் கிடைக்கப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"பழைய மாதிரியே போட்டுடுங்க தம்பி."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களோ?"

"யோசிச்சிட்டேன்."

மயூரன் தோளைக் குலுக்கினான்.

*

வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது. பழைய பாய்லரைத் துண்டு துண்டாக வெளியேற்றினான். சிம்னிக்குள் புதிதாக ஸ்டீல் குழாய் இறக்கினான். கேஸ் பைப்பில் காற்றை ஏற்றி அடைத்துவைத்து, முள் இறங்குகிறதா என்று பார்த்தான். இணைப்புகள் ஒவ்வொன்றிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று குனிந்து பார்த்தான். மாடிப்படியின் உச்சியில் சிவப்புத் தகடு வைத்த ஒரு ஸ்விட்ச். அவசரமென்றால் அதை அணைத்தால் போதும், கீழே இறங்க வேண்டியதில்லை.

கடைசியாக, "அக்கா, ஊதுபத்தி இருக்கோ?" என்று மேலே பார்த்துக் குரல் கொடுத்தான்.

மெஹர் நிஷா கொண்டுவந்து கொடுத்தாள். ஜன்னல் கதவு எல்லாவற்றையும் மூடச் சொன்னான். வீட்டிலுள்ள எல்லா ஃபேன்களையும் போடச் சொன்னான். பாய்லரை எரியவிட்டு, அதன் தலைக்கு மேல் குடைபோல் விரிந்திருந்த தகரத்தின் விளிம்பருகே ஊதுபத்தியைப் பிடித்தான். புகை நூலாக எழுந்து, குடைக்குள் வளைந்து, சிம்னிக்குள் போனது.

"பாருங்கோ. புகை உள்ள போகுது. இப்பிடித்தான் போகோணும். இது வெளிய திரும்பிச்செண்டா விஷம். அந்த விஷத்துக்கு மணமில்லை, நிறமில்லை. நித்திரையில ஆளை முடிச்சுப்போடும். அதாலதான் கேக்கிறன். எல்லா ஃபேனும் போட்டாச்சோ?"

மெஹர் நிஷா கணவனைப் பார்த்தாள். கமால் அலமாரியைப் பார்த்தார்.

"போட்டாச்சு தம்பி."

"அப்ப சரி." மயூரன் பாய்லரின் பக்கவாட்டில் ஒரு சின்னச் சிவப்புப் பட்டனைக் காட்டினான். "எப்பவாவது புகை திரும்பினா இது தானா பாய்லரை நிப்பாட்டும். நிண்டா நீங்களா அமத்தி ஸ்டார்ட் பண்ணாதேங்கோ. எனக்குக் கோல் எடுங்கோ."

இன்ஸ்பெக்ஷன் வேறு கதை. உயரமான அம்மாள் ஒருவர் வந்தார். பைப்பைப் பார்த்தார், சிம்னியைப் பார்த்தார், பிறகு கூரையைப் பார்த்தார். கார்பன் மோனாக்சைடு அலாரம் எங்கே என்றார். கமால் விழித்தார். அது புகைக்கும் சேர்த்துக் கத்தும் அலாரம். மெஹர் நிஷா வெங்காயம் வதக்கும்போதெல்லாம் அலறியதால் பேட்டரியைப் பிடுங்கி, கீழ் கிச்சன் டிராயரில் போட்டு வைத்திருந்தார்கள். அந்த டிராயர் அலமாரிக்குப் பின்னால் இருந்தது. இன்ஸ்பெக்டர் நிற்கும்போது எடுக்க வழியில்லை.

ஃபெயில்.

மறு இன்ஸ்பெக்ஷனுக்கு ஆள் கிடைக்க நாளாயிற்று. அலாரத்தை மாட்டினார்கள். பாஸ். அந்த அம்மாளின் கார் தெருமுனை திரும்புவதற்குள் கமால் அலமாரியைத் தள்ளினார். மெஹர் நிஷா உள்ளே போய்த் தாளித்தாள். அலாரம் அலறியது. கமால் ஸ்டூல் போட்டு ஏறி அலாரத்தைக் கழற்றி, மறுபடி பேட்டரியைப் பிடுங்கி, மசாலா டப்பாக்களுக்குப் பின்னால் போட்டார்.

"இந்த வீட்ல மனுஷன் நிம்மதியா தாளிக்க முடியுதா?" என்றாள் மெஹர் நிஷா.

*

பாஸான இரண்டாம் நாள் மாலை புது பாய்லர் நின்றுவிட்டது.

கமால் மயூரனைக் கூப்பிட்டார். மயூரன் மறுநாள் காலை வந்தான். அதற்கு முன் அலமாரி மறுபடி கதவுக்கு வந்தது. மயூரன் பட்டனை அமுத்தினான், பாய்லர் எரிந்தது. எல்லா ஃபேனையும் போடச் சொல்லி, மறுபடி ஊதுபத்தி பிடித்து, அரைமணி நேரம் முன்னால் உட்கார்ந்து பார்த்தான். புகை சிம்னிக்குள்தான் போனது. ஒரு குறையும் இல்லை. போய்விட்டான்.

அன்று மாலை மறுபடி நின்றது.

"என்ன சாமான் போட்டுக் குடுத்திருக்கீங்க தம்பி? புதுசு இது!"

"அண்ணை, எப்ப நிக்குது?"

"சாயங்காலம்."

"சாயங்காலம் வீட்டில என்ன செய்வீங்கள்?"

"என்ன செய்வோம்? ஒண்ணும் செய்ய மாட்டோம்."

மயூரன் வந்து தெர்மோஸ்டாட்டை மாற்றினான். மூன்றாம் முறை வந்து ஏதோ ஒரு வால்வை மாற்றினான். அவன் முகத்தில் இருந்த பெருமை இறங்கிக்கொண்டே வந்தது. "என்ர சர்வீஸில இப்பிடி ஒரு பேய் பாய்லரை நான் கண்டதில்லை" என்று வேன் கதவை ஓங்கிச் சாத்திக்கொண்டு போனான். ஒவ்வொரு முறை அவன் வரும்போதும் அலமாரி வந்தது. போனதும் அலமாரி நகர்ந்தது. கமாலின் இடுப்பு இனிமேல் நிமிராது போலிருந்தது.

கமால் பிரின்ஸ்டன் பக்கம் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் லீட். தன் டீமில் யாராவது 'சிலசமயம் வேலை செய்யுது, சிலசமயம் செய்யலை' என்று சொன்னால் எரிந்து விழுவார். "அந்தச் சிலசமயம் என்ன நடந்துச்சுன்னு சொல்லு, அப்புறம் என்கிட்ட வா" என்பார். அந்த வாக்கியம் ஒரு மாலை பாய்லர் முன் குந்தியிருந்தபோது அவருக்கே நினைவுக்கு வந்தது. கிச்சன் கதவுக்குப் பின்னால் ராட்சச ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. ஒரு கணம் அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிவப்புப் பட்டனை அமுத்தினார். பாய்லர் பொக்கென்று பற்றிக்கொண்டது.

"பாத்தியா? இதுக்கு எதுக்கு அவன கூப்பிடணும்? ஒரு பட்டன்!"

"பழசும் இப்படித்தானே அணைஞ்சு அணைஞ்சு போச்சு?" என்றாள் மெஹர் நிஷா கிச்சனிலிருந்து.

"அது வயசாயிப் போச்சு. இது கம்பெனி சரியில்ல."

"எப்பலேர்ந்து அணைய ஆரம்பிச்சது? டிசம்பரா?"

"இப்ப அந்த ஆராய்ச்சி எதுக்கு? கஞ்சிக்கு நொய் வாங்கியாச்சா?"

வெளியே பனி உறைந்து கிடந்தது. மாடியில் ஷஹீமா இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதன் மேல் வாப்பாவின் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வயிற்றுக்கு மேல் ஜிப் ஏறவில்லை.

"வாப்பா, ஹீட் மறுபடி போயிடுச்சா? ஸீரியஸ்லி?"

"வந்துடுச்சும்மா, வந்துடுச்சு. பட்டன் அமுத்திட்டேன்."

*

முதல் நோன்பு. கமால் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுக் கீழே இருந்தார். இரண்டு பெரிய தேக்சாப் பாத்திரங்களில் கஞ்சி ஏறியிருந்தது. பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், கொத்துக்கறி. மெஹர் நிஷா கீழக்கரை வழக்கப்படி மணத்துக்கு ரம்பை இலையைக் கிள்ளிப் போட்டாள். தேக்சா அவள் இடுப்பு உயரம் இருந்தது. நீளக் கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்டினாள். நல்ல நாள் என்று வழக்கம்போல் இரண்டு ஊதுபத்தி ஏற்றி, பாய்லர் பக்கத்து ஷெல்ஃபில் செருகியிருந்தாள். ராட்சச ஃபேன் முழு வேகத்தில் ஓடியது. குளிர்காலத்துக்காக பேஸ்மென்ட் ஜன்னல்களுக்கு கமால் பிளாஸ்டிக் ஒட்டி வைத்திருந்தார். ஊசி முனைக் காற்றுக்கும் வழியில்லை.

பாய்லர் இரண்டு தடவை நின்றது. கமால் இரண்டு தடவையும் பட்டனை அமுத்தினார். அன்றைக்கு ஹீட் இல்லாமல் இருக்க முடியாது. வெளியே எலும்பைக் குத்தும் குளிர்.

"அஸர் தொழுகைக்கு அப்புறம் வேன் அனுப்புறேன்னு கமிட்டில சொல்லிருக்காங்க" என்றாள் மெஹர் நிஷா. "தேங்காப்பால் ஊத்தி இறக்கிட்டா முடிஞ்சுது. போன வருஷம் கஞ்சில உப்பே இல்லன்னு எல்லாருக்கும் குறை. இந்த வருஷம் பாருங்க." கரண்டியை விட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஸ்ஸ்... தலை வெடிக்குது."

"எனக்கும்தான். டீ குடிக்காத தலைவலி."

"முதல் நோன்புன்னா இது இல்லாம இருக்குமா? எங்க வாப்பா முதல் நோன்பன்னைக்கு யார்கிட்டயும் பேச மாட்டாங்க. பேசினா அடிதான் விழும்."

"உங்க வாப்பா எல்லா நாளும் அப்படித்தான்."

"சும்மா இருங்க. நோன்பு நேரத்துல எங்க வாப்பாவ இழுக்காதீங்க."

ஷஹீமா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து புதினா ஆய்ந்துகொண்டிருந்தாள். இப்போது வாசனை அவளைப் படுத்துவதில்லை. மாடியில் தனியாக உட்காரப் பிடிக்காமல் மதியமே இறங்கி வந்திருந்தாள். புதினாவை அப்படியே மடியில் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தாள்.

"உம்மா, எனக்கும் ஹெட் ஏக். ஒரு மாதிரி சுத்துது."

"நோன்பு அன்னைக்கு எல்லாருக்கும்தான்மா."

"நான்தான் நோன்பு வைக்கலையே? காலைல ஒரு டீ, லஞ்சுக்கு அப்புறம் ஒரு டீ குடிச்சேன். எனக்கு ஏன் வலிக்குது?"

மெஹர் நிஷா மறுபடி கிண்ட ஆரம்பித்தாள். கமால் கிண்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

டீ குடித்தவளுக்கும் தலைவலி.

அவர் மெதுவாகத் திரும்பினார். திறந்திருந்த கிச்சன் கதவு வழியாகப் பாய்லர் தெரிந்தது. பக்கத்து ஷெல்ஃபில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. புகை மேலே எழவில்லை. பாய்லரின் தகரக்குடைப் பக்கம் போகவில்லை. படுத்துக்கொண்டு, கதவைத் தாண்டி, அவர் முகத்தை நோக்கி, ராட்சச ஃபேனை நோக்கி நேராக வந்துகொண்டிருந்தது.

சிம்னிக்குள் போக வேண்டியதையெல்லாம் ஃபேன் இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

"அடுப்ப அணை" என்றார்.

"என்னது?"

"அடுப்ப அணைடீ! ஷஹீமா, எந்திரி. மேல ஏறு. வெளிய போ!"

"ஏங்க, இன்னும் தேங்காப்பாலே ஊத்தல..."

கமால் எட்டி அடுப்பை அணைத்தார். மகளைத் தூக்கி நிறுத்தினார். அவள் கால் பின்னியது. ஒருபுறம் அவர், மறுபுறம் இப்போதுதான் முகம் வெளுத்த மெஹர் நிஷா. படியேறும்போது அவருக்கே கண் இருண்டது. உச்சிப் படியில் சிவப்புத் தகட்டைக் கையால் அறைந்து ஸ்விட்சை அணைத்தார். வாசல் கதவைத் திறந்து பனிக்குள் இறங்கினார்கள். ஷஹீமா கார் பானெட்டைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

கமால் 911-ஐ அழைத்தார். வீட்டு நம்பரைச் சொல்லும்போது அவர் நாக்கு குழறியது.

"கஞ்சி..." என்று வீட்டுப் பக்கம் திரும்பினாள் மெஹர் நிஷா.

"உள்ள போன, காலை ஒடிச்சிடுவேன்."

இருபத்தெட்டு வருடக் கல்யாணத்தில் அவர் அப்படிப் பேசியதில்லை. அவள் நின்றுவிட்டாள். ஷஹீமாவின் பக்கத்தில் பனியில் மண்டியிட்டு, அவள் வயிற்றில் கை வைத்தாள்.

"அசையுதா? சொல்லுடி, அசையுதா?"

"தெரியல உம்மா."

"கொஞ்சம் முன்னாடி அசைஞ்சுதா?"

"உம்மா, எனக்குத் தெரியல!"

*

தீயணைப்பு வீரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். கையில் இருந்த மீட்டர் படிக்கட்டிலேயே கத்த ஆரம்பித்ததாம். வெளியே வந்தவர் கமாலிடம் இரண்டே கேள்விகள் கேட்டார். கீழே அலாரம் இல்லையா? அந்தப் பெரிய ஃபேனை எப்போது மாட்டினீர்கள்?

கமால் வாயைத் திறந்தார். பழக்கத்தில் 'எந்த ஃபேன்' என்று வந்துவிடும் போலிருந்தது.

"நவம்பர்ல. அலாரத்த நான்தான் கழட்டினேன்" என்றார் ஆங்கிலத்தில்.

ஆம்புலன்ஸில் ஷஹீமாவின் முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருந்தது. அப்போதுதான் பள்ளிவாசல் கமிட்டிக்காரர் போன் செய்தார். "பாய், வேன் வந்து நிக்குதாம், கஞ்சி ரெடியா?" கமால் போனை அணைத்தார். நோன்பு திறக்கும் நேரம் எமர்ஜென்சி வார்டு வராந்தாவில் வந்தது. நர்ஸ் ஒருத்தி கொடுத்த தண்ணீரை இருவரும் ஆளுக்கொரு மிடறு குடித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் மெஷின் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரம் தேடுவார்கள்? ஒரு சத்தத்தைத் தேட இவ்வளவு நேரமா?

பிறகு கேட்டது. குதிரை ஓடுவதுபோல் டொக் டொக்கென்று வேகமாக.

மெஹர் நிஷா சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். கமால் அவள் தோளைத் தொட்டார். அவள் தட்டிவிட்டாள்.

"மயூரன் தம்பி கேட்டுச்சு. முதல் நாளே கேட்டுச்சு."

"உன் கிச்சனுக்காகத்தானே..."

"என் கிச்சனா? நான் சொல்லச் சொன்னேனா? என் மகளைவிட எனக்குக் கிச்சனா?"

அவளும் அன்று வாயைத் திறக்கவில்லைதான். கமாலுக்கு அதைச் சொல்லும் தைரியம் இல்லை.

அன்று பள்ளிவாசலில் யாரோ பீட்சா வரவழைத்தார்களாம்.

*

ஷஹீமாவை இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அவளும் காப்பெல்லிலிருந்து ஓடிவந்த அஃப்னானும் ஒரு நண்பர் வீட்டில் தங்கினார்கள். அஃப்னான் மாமனாரிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்றிருந்தது.

வீட்டுக்கு டவுன்ஷிப்பிலிருந்து வந்தார்கள். அதே உயரமான அம்மாள். அலமாரி ஓரமாக நின்றது. கிச்சன் கதவு விரியத் திறந்திருந்தது. அவர் அலமாரியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கமாலைப் பார்த்தார். பிறகு அடுப்பின் கேஸ் லைனை மூடச் சொன்னார். பாய்லரில் சிவப்புச் சீட்டு ஒட்டினார். கிச்சனுக்கு முறைப்படி அனுமதி வாங்கும்வரை அங்கே தீக்குச்சி கிழிக்கக் கூடாது. அனுமதி எப்போது கிடைக்கும் என்று கமால் கேட்டார். ரமலானுக்குள் நிச்சயம் இல்லை என்பது அந்த அம்மாளின் சிரிப்பிலேயே தெரிந்தது.

மயூரன் வந்தபோது மெஹர் நிஷா கோட்டும் குல்லாவுமாகக் கிச்சனில் நின்று, உறைந்து கல்லாகிப்போன கஞ்சியைத் தேக்சாவிலிருந்து கரண்டியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மயூரன் ராட்சச ஃபேனை அண்ணாந்து பார்த்தான்.

"இதை வச்சுக்கொண்டோ அண்ணை என்னை மூண்டு தரம் ஓட விட்டனீங்கள்? தெர்மோஸ்டாட் மாத்தினன். வால்வு மாத்தினன். வீட்ட போய் மனிசியோட சண்டை பிடிச்சன். என்ர வேலையில பிழையெண்டு நித்திரையில்லாமக் கிடந்தன்!"

"தப்புதான் தம்பி."

"தப்போ? அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடந்திருந்தா ஆரைக் கேப்பினம்? வேனில என்ர படமெல்லோ இருக்கு!" கத்திவிட்டுச் சற்று அடங்கினான். "கருவாட்டு மணம் வந்தது. நானும் உந்த அலுமாரியைத் தள்ளிப் பாத்திருக்கோணும். கஸ்டமர் சொன்னதை நம்பினன்."

டேப்பை இழுத்துச் சுவரை அளந்தான். சீல் பண்ணின பாய்லர். இரண்டு பைப்பும் மசாலா ஷெல்ஃப் இருந்த இடத்தில்தான் வெளியே போகும். மெஹர் நிஷா டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கினாள். வரிசையின் கடைசி டப்பாவுக்குப் பின்னால் பேட்டரி இல்லாத அலாரம் கிடந்தது. அதை எடுத்துக் கமாலின் கையில் வைத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

"இனி ஒரு கேள்வி" என்றான் மயூரன். கமால் நிமிர்ந்தார்.

"நீங்கள் கதைக்காதேங்கோ அண்ணை. அக்கா சொல்லட்டும். அக்கா, இந்த வீட்டில எத்தினை ஃபேன்?"

மெஹர் நிஷா விரலை மடக்கினாள். "மேல கிச்சன்ல ஒண்ணு. பாத்ரூம் ரெண்டு. ட்ரையர். இந்தச் சனியன் ஒண்ணு." நிறுத்தினாள். "கராஜ்ல ஒண்ணு."

"கராஜ்லயா?" என்றார் கமால். கராஜில் அட்டைப்பெட்டிகள் அடைந்து, அவர் கார் உள்ளே போய் வருடங்கள் ஆகியிருந்தன.

"இங்க இருந்த சின்ன ஃபேன தூக்கியா எறியச் சொல்றீங்க? பின்பக்க ஜன்னல்ல மாட்டி வச்சிருக்கேன். கருவாடு அங்கதான் வறுக்கிறேன். உங்களுக்குச் சொன்னா, வேண்டாம்பீங்க."

மயூரன் டேப்பைச் சுருட்டினான். "அக்கா, சுடுதண்ணி டாங்க் எங்க இருக்கு?"

"கராஜ்லதான்."

"கேஸில எரியிறதோ?"

"ஆமா."

மயூரன் டார்ச்சை எடுத்துக்கொண்டு படியேறினான். மெஹர் நிஷா ஷெல்ஃபிலிருந்து ஊதுபத்திக் கட்டையும் தீப்பெட்டியையும் எடுத்து கமாலிடம் நீட்டினாள். அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஏறினார்.